கிருஷ்ணகிரி டு தொப்பூர், அவசரமே இல்லாம போறது எப்படி

பைபாஸ்லயே போனா ஒரு மணி நேரத்துக்குள்ள தர்மபுரி வந்துரும், ஆனா ஒண்ணுமே பாத்திருக்க மாட்டீங்க. முன்னாடி என்எச் 7, இப்போ 44னு சொல்ற இந்த ரோட்டுல காலைலயே கிளம்பி, 1957ல திறந்த கேஆர்பி டேம, அதாவது கிருஷ்ணகிரி அணைய பாத்துட்டு, காவேரிப்பட்டணம் ஊருக்குள்ளயே வண்டிய விடுங்க, தென்பெண்ணை பாலத்துக்கு பக்கமா நிறுத்தி ஒரு டீ குடிங்க. மே, ஜூன்னா மாம்பழம் கட்டாயம் வாங்கணும், நல்லா பழுத்தது வேணாம், செங்காயா எடுத்தா வீடு வரைக்கும் தாங்கும். அப்புறம் காரிமங்கலம், தர்மபுரி தாண்டி அதியமான்கோட்டை, அவ்வைக்கு நெல்லிக்கனி குடுத்தவர் பேர்ல இருக்குற ஊருங்க, காலபைரவர் கோயில்ல நிதானமா உக்காந்துட்டு வாங்க. தொப்பூர் இறக்கத்துல மட்டும் நியூட்ரல் போடவே போடாதீங்க, கியர குறைச்சு, லாரிக்கு வழி விட்டு, இருட்டுறதுக்குள்ள இறங்கிடுங்க.