‘வி ஃபார் வெண்டெட்டா’: பார்ப்பவர்களும் எழுதுபவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜேம்ஸ் மெக்டீக் இயக்கி 2006இல் வெளிவந்த ‘வி ஃபார் வெண்டெட்டா’ படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும், பாசிச அரசை எதிர்க்கும் அதன் நாயகன் வி அணியும் அந்தச் சிரிக்கும் முகமூடியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். முதல் தவறும் அங்கேயே நேர்ந்துவிடுகிறது. முகமூடிக்கு முகம் கொடுத்த கை ஃபாக்ஸ் மக்களாட்சிக்காகப் போராடியவர் அல்லர். 1605 நவம்பரில் லண்டன் பிரபுக்கள் அவையின் கீழே 36 பீப்பாய் வெடிமருந்துக்குக் காவலிருந்து பிடிபட்ட அவர், முதலாம் ஜேம்ஸ் மன்னரைக் கொன்றுவிட்டுக் கத்தோலிக்க முடியாட்சியை நிறுவ முயன்ற குழுவில் ஒருவர். குழுவின் தலைவர்கூட அவரல்லர், ராபர்ட் கேட்ஸ்பி.

இதைவிடப் பெரிய தவறு, படத்தையும் அதன் மூலமான கிராஃபிக் நாவலையும் ஒன்றாகக் கருதுவது. ஆலன் மூர் எழுத, டேவிட் லாயிட் வரைய, 1982இல் ‘வாரியர்’ என்ற பிரிட்டிஷ் இதழில் கறுப்பு வெள்ளையில் தொடங்கிய தொடர் அது. அந்த இதழ் நின்றுபோனபின் டிசி காமிக்ஸ் வழியாக 1989இல்தான் முடிவுற்றது. நாவலில் அணு ஆயுதப் போருக்குப் பின் வந்த பஞ்சத்திலும் குழப்பத்திலும் பாசிசக் கட்சி ஆட்சியைப் பிடிக்கிறது. மக்கள் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். படத்திலோ ஆட்சிக்கு வரத் துடித்தவர்களே கிருமியைப் பரப்பி, அந்த அச்சத்தை வாக்குகளாக அறுவடை செய்கிறார்கள். இந்த மாற்றம் மக்களின் பொறுப்பைப் பெருமளவு குறைத்துவிடுகிறது என்பதால், என்னைக் கேட்டால், நாவலே அதிகம் உறுத்துகிறது.

நாவலின் வி முன்வைக்கும் கொள்கையை ‘அராஜகம்’ என்று மொழிபெயர்ப்பதும் தமிழில் வழக்கமாகிவிட்டது. நம் செய்தித்தாள்களில் அராஜகம் என்றால் அடாவடி. காவல்துறையின் அராஜகம் என்றுகூட எழுதுகிறோம். வி பேசுவதோ தலைவர்கள் இல்லாத, ஆனால் ஒழுங்கு உள்ள சமூகத்தைப் பற்றி. அரசின்மைவாதம் என்பதே அதற்குப் பொருந்தும். படம் அந்தக் கொள்கையை ஏறக்குறைய கைவிட்டுவிட்டது. படமாக்கத்தில் உடன்பாடில்லாத மூர் தம் பெயரை நீக்கச் சொன்னார். படத்தில் லாயிடின் பெயர் மட்டுமே இருக்கிறது.

வியைக் குறையற்ற நாயகனாகக் கொண்டாடுகிறவர்கள் ஈவியின் சிறைக் காட்சிகளை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். நடாலி போர்ட்மேன் நடித்த அந்தப் பெண் தலை மழிக்கப்பட்டு, இருட்டறையில் நாட்கணக்கில் வதைக்கப்படுகிறாள். சுவரில் எலி போகும் பொந்தில், கழிப்பறைத் தாளில் பென்சிலால் எழுதிய வலெரியின் கடிதம் கிடைக்கிறது. வியைக் காட்டிக்கொடுப்பதைவிடச் சாவதே மேல் என்று அவள் சொன்னபின் கதவு திறக்கிறது; வெளியே நடந்தால், அந்தக் கூடம் வியின் வீட்டில் போய் முடிகிறது. சிறை பொய், வதைத்தவன் வி. கடிதம் மட்டும் மெய்: வி முன்பு அடைபட்டிருந்த லார்க்ஹில் என்ற அரசின் வதைமுகாமில் பக்கத்து அறையில் கிடந்து இறந்த பெண் அவனுக்கு எழுதியது. கொடுங்கோலரசின் கருவிகளையே ஒருவன் தன் தோழிமீது பயன்படுத்திவிட்டு அதற்கு விடுதலை என்று பெயர் சூட்டுகிறான். இதை ஈவி ஏற்றுக்கொள்வதனாலேயே பார்ப்பவரும் ஏற்க வேண்டுமென்பதில்லை.

இறுதிக் காட்சியைப் பற்றி ஒரு சிறு திருத்தம். நாடாளுமன்றம் வெடிக்கும்போது முகமூடியைக் கழற்றும் கூட்டத்தில், முன்பே சுட்டுக் கொல்லப்பட்ட கண்ணாடி அணிந்த சிறுமி நிற்கிறாள், வலெரியும் நிற்கிறாள். இதைத் தொடர்ச்சிப் பிழை என்று சுட்டிக்காட்டுவது வீண். இறந்தவர்களை அங்கே வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறார்கள்.