கமெராவின் சி1, சி2, சி3: நேரமில்லாத கணத்துக்கான அமைப்புகள்

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலின் வைகாசிப் பொங்கலன்று இரவு வெளிவீதியில் நின்று படமெடுத்தவர்களுக்கு இந்த நிலை தெரிந்திருக்கும். மின்கம்பத்து வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்த காவடிக்காரர் நான்கு அடி எடுத்து வைத்ததும் இருளுக்குள் போய்விடுவார். அடுத்த கம்பத்தடியில் மீண்டும் வெளிச்சத்துக்கு வருவார். கையிலிருக்கும் கமெராவோ மாலையில் உறவினரை நிறுத்தி எடுத்த படங்களுக்குரிய அமைப்பில், குறைந்த ஷட்டர் வேகத்திலும் ஒற்றைப் பட முறையிலும் இருக்கும். ஷட்டர், ஐ.எஸ்.ஓ (ஒளியை உணரும் திறன்), ஃபோகஸ் முறை, தொடர்படம் ஆகிய நான்கையும் ஒவ்வொன்றாக மாற்றி முடிக்கும்போது அந்தக் காவடி கடந்து போயிருக்கும். இந்த நான்கு வேலைகளையும் டயலின் ஒரே திருப்பலில் முடிப்பதற்காகவே தனிப்பயன் படப்பிடிப்பு முறைகள் கமெராவில் வைக்கப்பட்டிருக்கின்றன. நம்மிடையே பலர் கமெரா வாங்கி ஆண்டுகள் சென்ற பின்னரும் டயலிலுள்ள அந்த எழுத்துகளைத் தொடுவதில்லை.

கெனன் கமெராக்களில் இவை சி1, சி2, சி3 என்றும், நைக்கனில் யூ1, யூ2 என்றும், சோனியில் வெறும் 1, 2, 3 என்றும் டயலில் பொறிக்கப்பட்டிருக்கும். பெயர் வேறானாலும் வேலை ஒன்றுதான்: கமெரா இந்த நேரத்தில் எந்த அமைப்பில் இருக்கிறதோ அந்த நிலை முழுவதையும் ஓர் இடத்தில் பதிந்து வைத்துக்கொண்டு, டயலை அங்கே திருப்பியதும் அதை அப்படியே மீட்டுத் தரும்.

எதைப் பதிவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ‘நிலக்காட்சிக்கு ஒன்று, ஆட்களுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று’ என்று பொருளை வைத்துப் பிரிப்பது வழக்கம். அது இடத்தை வீணாக்கும் வழி என்பது என் கருத்து. இரணைமடுக் குளக்கட்டில் அந்திவானத்தை எடுக்கப் போகிறவருக்கு அவசரம் இல்லை. முக்காலியை நிறுத்தி, ஒவ்வொரு அமைப்பையும் ஆறுதலாகப் பார்த்துச் செய்யலாம். குடும்பப் படத்துக்கும் அப்படியே, பெரியவர்கள் வந்து அமரும் வரை நேரம் இருக்கும். சி1, சி2 போன்ற இடங்கள் நேரமே கிடைக்காத கணங்களுக்கு உரியவை. ஆகவே பதிவதற்கு முன், கடந்த ஓராண்டில் எந்தெந்தப் படங்களை அமைப்பை மாற்றிக்கொண்டிருந்ததனால் தவறவிட்டோம் என்று நினைத்துப் பாருங்கள். அந்தப் பட்டியலின் முதல் இரண்டு அல்லது மூன்று வரிகளே உங்கள் சி1, சி2, சி3.

கிளிநொச்சிப் பக்கத்தில் சடங்கு வீடுகளுக்குப் படம் எடுப்பவனும், ஓய்வு நாளில் பறவைகளைத் தேடிப் போகிறவனுமாகிய எனக்கு அந்த வரிகள் மூன்று: இருளில் அசைவு, வெளிச்சத்தில் வேகமான அசைவு, தாலி கட்டும் நேரம்.

முதலாவதையே விரிவாகச் சொல்கிறேன், அதில்தான் சிக்கல் அதிகம். டயலை எம் நிலையில் (ஷட்டரையும் அப்பேச்சரையும் நாமே தீர்மானிக்கும் நிலை) வைத்து, ஷட்டரை 1/250 செக்கனுக்கும் அப்பேச்சரை, அதாவது ஒளி நுழையும் துவாரத்தை, லென்ஸ் தரும் மிக அகலமான அளவுக்கும் கொண்டுவந்து, ஐ.எஸ்.ஓவை மட்டும் ஓட்டோவில் விட்டு, அதன் மேல் எல்லையை 6400 என்று கட்டிவிடுகிறேன். காவடிக்காரர் வெளிச்சத்துக்கும் இருளுக்கும் மாறி மாறிப் போகும்போது ஐ.எஸ்.ஓ மட்டுமே ஏறி இறங்கும். அசைவை உறையவைக்கும் ஷட்டர் வேகம் விழாது. ஃபோகஸ் அசைபவரை விடாது பின்தொடரும் தொடர் முறையில், அதாவது கெனனில் ஏ.ஐ. சேர்வோவிலும் நைக்கனில் ஏ.எஃப்.-சியிலும் இருக்க வேண்டும். எஃப் 2.8 லென்ஸ் (எஃப் எண் சிறிதாகச் சிறிதாகத் துவாரம் அகலமாகும்) இல்லாமல் கமெராவோடு வந்த 18-55 லென்ஸை மட்டும் வைத்திருப்பவர்கள் ஒன்றை மனதில் கொள்ள வேண்டும். அகலக் கோணத்தில் எஃப் 3.5 ஆக இருக்கும் அந்த லென்ஸ், முழுவதும் சூம் செய்ததும் எஃப் 5.6க்குச் சுருங்கிவிடும், அதே படத்துக்கு ஐ.எஸ்.ஓ ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஏற வேண்டிவரும். ஆகவே இரவில் சூம் செய்வதை விட்டு, இடம் கிடைத்தால் நாமே கிட்டப் போவது நல்லது.

இந்த அமைப்பில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நமது மின்சாரம் செக்கனுக்கு 50 சுழற்சிகள் கொண்டது. அதனால் பழைய ரியூப் லைற்றுகளும் தரங்குறைந்த எல்.ஈ.டி விளக்குகளும் செக்கனுக்கு 100 தடவை மங்கி ஒளிர்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பு, 1/250 செக்கனில் தொடர்ந்து ஐந்து படங்களை எடுக்கும்போது ஒன்றை மஞ்சளாகவும் இன்னொன்றை இருண்டதாகவும் ஆக்கிவிடும். ஷட்டரை 1/100க்கு இறக்கினால் ஒரு முழுத் துடிப்பும் படத்துக்குள் அடங்குவதால் ஒளி சீராகும், ஆனால் ஆடுகின்றவரின் கைகால் கலங்கும். நடுத்தர, உயர்தரக் கமெராக்களின் மெனுவில் அன்டி ஃப்ளிக்கர் என்ற வசதி இருக்கும். அதை இயக்கிய பிறகே சி1ஐப் பதியுங்கள். விளக்கு உச்சத்தில் ஒளிரும் கணத்துக்காகக் காத்திருந்து அது ஷட்டரைத் திறக்கும். திருவிழாவில் ஜெனரேற்றரிலிருந்து விளக்கு எரியும் இடங்களில் சுமை கூடிக் குறையும்போது இந்த 50 என்ற எண்ணிக்கையே சற்று விலகுவதால், அங்கே இந்த வசதியை முழுவதும் நம்ப முடியாது. ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டு மூன்று படங்கள் கூடுதலாக எடுத்துக்கொள்வதே வழி.

கோவிலில் எடுப்பவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. கையில் சி1 ஆயத்தமாக இருக்கிறது என்பதற்காக மூலஸ்தானத்தை நோக்கியோ, உருக்கொண்டு நிற்பவரின் முகத்துக்கு நேரேயோ கமெராவை நீட்டக் கூடாது. வெளிவீதியிலேயே எடுப்பதற்குப் போதியளவு இருக்கிறது.

இரண்டாவது, பறவைகளுக்கானது. இரணைமடுவின் அணைக்கட்டு குளத்தின் வடக்குப் பக்கத்தில் இருப்பதால், கட்டில் நின்று நீரைப் பார்ப்பவர் தெற்கு நோக்கியே நிற்பார். வலசைப் பறவைகள் வருகின்ற மாரி மாதங்களில் சூரியனும் தெற்கே சாய்ந்துதான் செல்கிறது. ஆகவே காலையும் மாலையும் பக்கவாட்டில் விழும் ஒளி, பகலில் எதிரொளியாகிவிடும். மின்னும் நீர்ப்பரப்பை அளந்த கமெரா, சங்குவளை நாரையைக் கரிய நிழலாக்கிக் கொடுக்கும். இதற்காக என் சி2இல் ஷட்டர் 1/2000, அப்பேச்சர் எஃப் 6.3, ஓட்டோ ஐ.எஸ்.ஓ, தொடர் ஃபோகஸ், வேகமான தொடர்படம் ஆகியவற்றோடு எக்ஸ்போஷர் கொம்பன்சேஷனையும் (கமெரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) கூட்டல் 2/3 என்று சேர்த்தே பதிந்திருக்கிறேன். நல்ல வெயிலில் இந்த அமைப்புக்கு ஐ.எஸ்.ஓ 320 அளவில் நிற்கும். மேகமூட்டமான விடியலில் அது பல மடங்கு ஏறும். கரையோரக் காட்டு நிழலின் முன்னே வெண்கொக்கு பறந்தால் இதற்கு எதிர்மாறாகக் கழித்தல் பக்கம் போக வேண்டும், இல்லையேல் அதன் இறகின் வரிகள் வெளிறி அழிந்துவிடும். எம் நிலையில் ஓட்டோ ஐ.எஸ்.ஓவோடு கொம்பன்சேஷனை மாற்றுவதற்குப் பழைய கமெராக்கள் சில இடம் தருவதில்லை. அவற்றில் ஷட்டர் முன்னுரிமை நிலையை, அதாவது கெனனின் டி.வி., நைக்கனின் எஸ் நிலையை அடிப்படையாக வைத்துப் பதியலாம். சுண்டிக்குளத்திலும் மன்னார் வங்காலையிலும் பூநாரைக் கூட்டங்களுக்கு இதே சி2 எனக்குப் போதுமானதாக இருந்தது.

மூன்றாவதில் சொல்வதற்கு அதிகம் இல்லை. மணவறையில் வீடியோக்காரரின் விளக்கு மாறாமல் எரிவதால் அங்கே ஓட்டோ எதுவும் தேவையில்லை: 1/160, எஃப் 4, ஐ.எஸ்.ஓ 800 அல்லது 1600 என நிலையாகக் கட்டிவிட வேண்டும். எஃப் 2.8ஐ விட்டு எஃப் 4ஐ எடுத்ததற்குக் காரணம், மாப்பிள்ளை குனிந்து தாலி கட்டும்போது அவர் முகமும் பெண்ணின் முகமும் ஒரே தூரத்தில் இருப்பதில்லை. இரண்டும் தெளிவாக வர வேண்டும்.

இனிப் பதியும் முறை. கெனனில், டயலை முதலில் எம், ஏ.வி. போன்ற சாதாரண நிலையொன்றில் வைத்து, மேலே சொன்ன அமைப்புகளை எல்லாம் கையால் செய்து, ஒரு பரீட்சைப் படமும் எடுத்துப் பாருங்கள். பிறகு மெனுவில் ஸ்பானர் படம் போட்ட பகுதிக்குச் சென்றால், அதன் கடைசிப் பக்கங்களில் கஸ்டம் ஷூட்டிங் மோட் என்ற வரி இருக்கும். அதற்குள் ரெஜிஸ்டர் செற்றிங்ஸைத் தெரிந்து, சி1 என்று காட்டி, ஓகே கொடுத்தால் பதிவு முடிந்தது. நைக்கனில் செற்றப் மெனுவுக்குள் சேவ் யூசர் செற்றிங்ஸ் என்ற வரியில் யூ1ஐத் தெரிந்தால் போதும். ஆனால் டி500, டி850 போன்ற உயர்தரக் கமெராக்களின் டயலில் யூ1 இல்லை, அவற்றில் ஏ முதல் டி வரையான மெனு பாங்க் என்ற வேறொரு ஏற்பாடு இருக்கிறது. சோனியில் கமெரா செற்றிங்ஸ் மெமரி என்று தேடுங்கள். அங்கே 1, 2 என்ற எண்கள் கமெராவுக்குள்ளும், எம்1 முதலியவை மெமரி காட்டிலும் பதியப்படுவதால், காட்டை மாற்றினால் எம்1 கூடவே போய்விடும். முக்கியமானதை எண்களிலேயே வையுங்கள்.

ஓகே கொடுப்பதற்கு முன் ஒரு கணம் நில்லுங்கள். கமெரா நீங்கள் நினைத்து வைத்த நான்கு அமைப்புகளை மட்டும் பதிவதில்லை, அப்போது எப்படி இருக்கிறதோ அந்த நிலை முழுவதையுமே பதிகிறது. நேற்று இட்ட பத்துச் செக்கன் செல்ஃப் டைமர், அந்திப் படத்துக்காகக் கழித்தல் 2இல் விட்ட கொம்பன்சேஷன், இணையத்துக்கு அனுப்பச் சிறிதாக்கிய ஜேபெக் அளவு, மஞ்சள் விளக்குக்காக மாற்றிய வைற் பலன்ஸ், மூலைக்குத் தள்ளிய ஃபோகஸ் புள்ளி எல்லாமே உள்ளே போய் உட்கார்ந்துவிடும். எல்லாப் பதிவுகளிலும் ரோ கோப்பு (கமெரா பதிந்த மூலத் தரவை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) இயக்கத்தில் இருக்கட்டும். நிறம் பிழைத்தால் பின்னர் திருத்த அது ஒன்றே உதவும். ஃபோகஸைப் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றிப் பழகியவர்கள், மூன்று பதிவுகளிலும் அதை ஒரேமாதிரி வைக்க வேண்டும். சி1இல் ஒரு விரலும் சி2இல் இன்னொரு விரலும் ஃபோகஸ் செய்ய வேண்டியிருந்தால், அவசரத்தில் கை தடுமாறும்.

கெனனின் அதே மெனுவில் ஓட்டோ அப்டேட் செற் என்று இன்னொரு வரி இருக்கிறது. அதை டிஸேபிளில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் அதன் விலையை நான் கொடுத்திருக்கிறேன். சாமத்தியச் சடங்கொன்றில் ஆராத்திச் சுடரின் அசைவு தெரிய வேண்டும் என்று சி1இல் நின்றபடியே ஷட்டரை 1/30க்கு இறக்கி எடுத்தேன். அடுத்த கிழமை பாடசாலையொன்றின் இல்ல மெய்வல்லுநர் போட்டியில், பழைய நம்பிக்கையோடு டயலை சி1இல் திருப்பி 100 மீற்றர் ஓட்டத்தை எடுத்தபோது, கமெரா அந்த 1/30ஐயே புதிய பதிவாக வைத்திருந்தது. முதலாவதாக வந்த பிள்ளை நாடாவைத் தொடும் படம் ஒரு வெள்ளைக் கலங்கலாகத்தான் வந்தது. தாய் கேட்டு வந்தபோது கொடுக்க என்னிடம் படம் இல்லை. டிஸேபிளில் இருந்தால் இடையில் செய்த மாற்றங்கள் கமெராவை நிறுத்தியதும் மறைந்து பதிவு பழைய நிலைக்கு வந்துவிடும். இதிலும் ஒரு சிறு தொல்லை உண்டு: கெனனில் ஓட்டோ பவர் ஓஃப் வேலை செய்து கமெரா தூங்கினாலும் மாற்றம் போய்விடும். பறவைக்காக மறைவிலிருந்து நெடுநேரம் காத்திருப்பவர்கள் அந்த நேரத்தைக் கூட்டி வைத்து, மேலதிகப் பற்றரி ஒன்றையும் கொண்டுபோக வேண்டும்.

பதிவில் அடங்காதவையும் இருக்கின்றன. லென்ஸின் பக்கவாட்டிலுள்ள ஏ.எஃப்.-எம்.எஃப். சுவிச்சும் அதிர்வு தடுக்கும் சுவிச்சும் கையால் மட்டுமே மாறுபவை. எந்த சி1ஆலும் அவற்றைத் தொட முடியாது. கமெரா ஃபோகஸ் செய்ய மறுத்தால் மெனுவைக் குடைவதற்கு முன் அந்தச் சுவிச்சைப் பாருங்கள்.

பதிந்து முடிந்ததும் கமெராவை நிறுத்தி மீண்டும் இயக்கி, எம் நிலைக்குப் போய்த் திரும்பி, சி1இல் ஒரு படம் எடுத்து அதன் விவரங்களைப் படியுங்கள். பின்னர் இரவில் விளக்கை அணைத்துவிட்டு விரலால் மட்டும் டயலைத் திருப்பிப் பழகுங்கள். எம் நிலையிலிருந்து சி1க்கு எத்தனை சொடுக்கு என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் சி1 எழுத்தின் ஓரத்தில் நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன்; காய்ந்ததும் சிறு மேடாக நிற்கும் அது, பெருவிரலுக்கு இருளிலும் தட்டுப்படும்.

கெனன் 1500டி, 200டி, நைக்கன் டி3500, டி5600 போன்ற தொடக்கநிலைக் கமெராக்களின் டயலில் இந்த இடங்கள் இல்லை. அவற்றை வைத்திருப்பவர்கள் சோர வேண்டியதில்லை. எம் நிலையை இருளில் அசைவுக்கென்றும் டி.வி. அல்லது எஸ் நிலையைப் பறவைக்கென்றும் ஒதுக்கிவிட்டால், அந்தந்த நிலையில் கடைசியாக வைத்த ஷட்டர் வேகம் பெரும்பாலும் அப்படியே காத்திருக்கும். மிகுதி இரண்டு மூன்று அமைப்புகளை மட்டும் கையால் மாற்றினால் போதும்.

கடைசியாக, பதிந்த அமைப்புகளை ஒரு கொப்பியில் எழுதிக் கமெராப் பைக்குள் வையுங்கள், அல்லது திரையைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருத்தக் கொடுத்த கமெரா எல்லா அமைப்பும் அழிந்து புதிதுபோலத் திரும்பி வருவதுண்டு. அப்போது அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துப் பத்து நிமிடத்தில் மூன்றையும் மறுபடி பதிந்துவிடலாம்.