விடுப்புக்கு ஏற்ற காற்று: விண்ட்சர்ஃபிங் பயணத்துக்கு ஊர் தேர்ந்தெடுக்கும் முறை

ஆடி மாதத்தில் பல்லடத்திலிருந்து உடுமலைக்கு இருசக்கர வாகனத்தில் சென்றவர்களுக்குக் காற்றைப் பற்றித் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. வண்டியை வலப்பக்கமாகச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால்தான் அது நேராகப் போகும். எதிரே லாரி வந்தால் அது கடக்கும் நொடியில் காற்று அறுபட்டு, வண்டி மேற்கே இழுக்கும். அதே சாலையில் ஐப்பசியில் போனால் காற்றாலைகளின் இறக்கைகள் அசையாமல் நிற்பதையும், வயலில் போட்ட தூற்றுக்கூடை கீழேயே கிடப்பதையும் பார்க்கலாம். இடம் ஒன்றுதான், மாதம்தான் வேறு. பலகையில் பாய்மரம் பொருத்தி, காற்றின் விசையால் நீர்மேல் ஓடும் விண்ட்சர்ஃபிங் விளையாட்டைக் கற்றுக்கொள்ளப் பயணம் போக நினைப்பவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுவே.

இதை நான் பணம் கட்டித்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஆயுத பூஜை விடுமுறையில் குடும்பத்துடன் பாம்பன் பக்கம் போனேன். பயிற்சி நிலையம் ஒன்றைத் தொலைபேசியில் கேட்டபோது, "இங்கே எப்போதும் காற்று இருக்கும்" என்றார்கள். நான்கு நாள்களில் பாய் காற்றைப் பிடித்து நின்றது மொத்தம் இரண்டு மணி நேரம் இருக்கலாம். மற்ற நேரமெல்லாம் கண்ணாடி போல் கிடந்த கடலில், பலகை மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தேன். தென்மேற்குக் காற்று ஓய்ந்து, வடகிழக்குக் காற்று இன்னும் நிலைகொள்ளாத இடைக்காலம் அது என்பது பிறகுதான் புரிந்தது.

முதல் படி: ஊருக்கு முன் விடுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்

உங்களால் எந்த மாதத்தில் ஒரு வாரம் ஒதுக்க முடியும் என்பதை முதலில் எழுதுங்கள். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தீபாவளியை ஒட்டித்தான் நீண்ட விடுமுறை கிடைக்கும்; பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ளவர்களுக்குச் சித்திரை, வைகாசி; முகூர்த்தங்கள் இல்லாததால் ஆடியில் ஓய்வு கிடைக்கிறவர்களும் உண்டு. ஊரை முதலில் முடிவுசெய்துவிட்டுப் பிறகு விடுப்பை அதற்குள் திணிப்பவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

இரண்டாம் படி: அந்த ஊரின் காற்று எங்கிருந்து பிறக்கிறது என்று பாருங்கள்

காற்றின் பிறப்பிடம் தெரிந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும். முதல் வகை பருவக்காற்று. கடலோர மீனவர்கள் வாடை (வடகிழக்குக் காற்று) என்றும் கச்சான் (தென்மேற்குக் காற்று) என்றும் சொல்பவை இவைதான். தென்மேற்குப் பருவக்காற்று ஏறத்தாழ மே இறுதியிலிருந்து செப்டம்பர் வரையும், வடகிழக்குப் பருவக்காற்று டிசம்பரிலிருந்து மார்ச் வரையும் இராமேசுவரம் பகுதியில் வீசுகின்றன. நடுவிலுள்ள அக்டோபர், நவம்பர் மாதங்கள் புயல்களுக்கும் உரியவை. தனுஷ்கோடியை அழித்த 1964ஆம் ஆண்டுப் புயல் டிசம்பர் பிற்பகுதியில் வந்தது என்பதால், டிசம்பரையும் முழுப் பாதுகாப்பான மாதமாகக் கருத வேண்டாம். பிலிப்பைன்ஸின் பொராகாய் தீவில் நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் 'அமிஹான்' காற்றும், வியட்நாமின் முயி நேயில் அதே மாதங்களில் வீசும் காற்றும் நம் வாடைக்கு உடன்பிறப்புகள்.

இரண்டாவது, கணவாய்க் காற்று. கொங்குக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து நிறுத்தும் காற்று, பாலக்காட்டுக் கணவாயில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகல இடைவெளி கிடைத்தவுடன் நெருக்கியடித்துப் புகுந்து, வேகம் கூடி, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் எனப் பரவுகிறது. ஸ்பெயினின் தரிஃபாவில் நடப்பதும் இதேதான். மலைக்குப் பதிலாக, ஸ்பெயினுக்கும் மொராக்கோவுக்கும் இடையே மிகக் குறுகிய இடத்தில் 14 கிலோமீட்டர் மட்டுமே உள்ள ஜிப்ரால்டர் நீரிணை அங்கே கணவாயாக இருக்கிறது. அங்கே கிழக்கிலிருந்து வரும் 'லெவான்டே' சில நாள்கள் அடித்து நொறுக்கும். புதிதாகக் கற்பவர் அந்த நாள்களில் கரையில் உட்கார்ந்து மற்றவர்களை வேடிக்கை பார்க்கத்தான் முடியும். காற்று அதிகம் என்பதாலேயே ஒரு ஊர் உங்களுக்கு ஏற்றதாகிவிடாது.

மூன்றாவது, வெப்பத்தால் பிறக்கும் உள்ளூர்க் காற்று. இத்தாலியின் கார்தா ஏரியில் இரவு பிற்பகுதியிலிருந்து காலை வரை வடக்கிலிருந்து 'பெலெர்' வீசும். பிற்பகலில் தெற்கிலிருந்து 'ஓரா' எழும். வெயில் அடிக்கும் நாளில் ஏறத்தாழக் கடிகாரம் போல நடக்கும், மேகம் மூடினால் கெட்டுவிடும். கிரேக்கத்தின் வஸிலிகி ஊரில் காலையில் கரையை நோக்கி மெல்லிய காற்றும், பிற்பகலில் கரைக்குக் குறுக்காக வலுத்த காற்றும் வரும். காலையில் கற்றுக்கொண்டு, பிற்பகலில் தேர்ந்தவர்களைப் பார்த்துப் பழகலாம் என்பதால், புதியவர்களுக்கு அந்த ஊரையே நான் முதலில் சொல்வேன்.

நான்காவது, வெப்பமண்டல வணிகக் காற்று. கரீபியனிலுள்ள பொனேர் தீவில் ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்து வீசும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை சற்றுத் தளரும்.

மூன்றாம் படி: சராசரியை நம்பாதீர்கள், நாள்களை எண்ணுங்கள்

"அந்த மாதத்துச் சராசரி 14 நாட்" என்று யாராவது சொன்னால் அதை அப்படியே ஏற்காதீர்கள். (நாட் என்பது காற்றின் வேகத்தை அளக்கும் அலகு.) பத்து நாள்களில் ஐந்து நாள்கள் 26 நாட், மற்ற ஐந்து நாள்கள் 2 நாட் வீசினாலும் சராசரி 14தான். அந்தப் பத்து நாள்களில் ஒன்றுகூடப் புதியவருக்கு உதவாது. பத்து நாள்களும் 12 முதல் 16 நாட் வரை வீசினாலும் அதே 14 வரும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, நூறு நாள்களில் எத்தனை நாள்கள் தேவையான அளவு வீசியது என்பது. விண்ட்ஃபைண்டர் இணையதளத்தில் ஒவ்வொரு ஊருக்கும் மாதவாரியாக, காற்றின் வலுவைப் படிநிலை எண்களாகச் சொல்லும் போஃபோர்ட் அளவில் 4 அல்லது அதற்கு மேல் காற்று வீசும் வாய்ப்பு சதவீதமாகக் கிடைக்கும். போஃபோர்ட் 4 என்பது 11 முதல் 16 நாட் வரை. அந்தக் கட்டத்தில் உங்கள் மாதத்துக்கு முன்னும் பின்னும் உள்ள மாதங்களையும் பாருங்கள். இரு பக்கமும் எண் சரிந்திருந்தால், பருவம் ஒரு வாரம் பிந்தினாலே உங்கள் பயணம் வீணாகும். பருவத்தின் நடுமாதத்தைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு.

எண்கள் மேல் முழு நம்பிக்கை வராவிட்டால் மரங்களைப் பாருங்கள். அந்த ஊரின் படங்களில் கடற்கரை மரங்கள் எல்லாம் ஒரே திசைக்குச் சாய்ந்திருந்தால், காற்று அங்கே நெடுநாளாகக் குடியிருக்கிறது என்று பொருள். செயற்கைக்கோள் படத்தில் அருகே காற்றாலைகள் தெரிந்தால் இன்னும் நல்லது. கோடிக்கணக்கில் பணம் போட்டவன் காற்றை விசாரிக்காமல் போட்டிருக்க மாட்டான்.

நான்காம் படி: உங்களுக்கு எவ்வளவு காற்று போதும்?

ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். முதல் வாரம் கற்பவருக்கு 8 முதல் 12 நாட் வரை, அதாவது மணிக்கு ஏறத்தாழ 15 முதல் 22 கிலோமீட்டர் வேகம் போதுமானது. பாயின் மேல் விழும் விசை காற்றின் வேகத்தின் இருமடியைப் பொறுத்துக் கூடுவதால், 10 நாட்டில் கையில் தாங்கிய பாய் 20 நாட்டில் நான்கு மடங்கு இழுக்கும். இலங்கையின் கல்பிட்டியில் தென்மேற்குப் பருவத்தில் காற்றை நம்பிப் போகலாம். ஆனால் அது அடிப்படை பழகியவர்களுக்கான காற்று.

காற்று சீராகவும் இருக்க வேண்டும். ஆழியாறு அணையில் பலகையை இறக்கலாமே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அனுமதி ஒருபுறம் இருக்கட்டும். மலையடிவாரத்தில் காற்று சுழன்று, ஒரு கணம் அடித்து மறுகணம் செத்துவிடும். அதில் நிற்கப் பழகுவது மாட்டுவண்டியில் நின்றுகொண்டு ஊசியில் நூல் கோப்பதைப் போன்றது.

ஐந்தாம் படி: காற்றின் திசையையும் கரையையும் ஒட்டிப் பாருங்கள்

வரைபடத்தை எடுத்து, அந்த மாதத்துக் காற்றின் திசையை அம்புக்குறியாகக் கரை மேல் வரையுங்கள். அம்பு கரைக்குக் குறுக்காகவோ, குறுக்காகவும் சற்றுக் கரை நோக்கியும் இருந்தால் நல்லது. கடலை நோக்கிப் போனால் ஆபத்து. தனுஷ்கோடி மணல்திட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குக் காற்றில் தென்கரை அலையடிக்கும், வடகரை குளம் போல் அமைதியாகத் தெரியும். ஆனால் அந்த அமைதிக்குக் காரணம், காற்று நிலத்திலிருந்து கடலுக்குள் போவதுதான். கரையிலிருந்து விலக விலகக் காற்று வலுக்கும், திரும்பி வரத் தெரியாதவரை அது உள்ளே தள்ளிக்கொண்டே போகும். மீட்புப் படகு எப்போதும் தயாராக இல்லாத இடத்தில், அப்படிப்பட்ட கரையில் இறங்கவே கூடாது. வாடைக்காலத்தில் இது அப்படியே தலைகீழாகும்.

ஆறாம் படி: விடுப்பையும் ஊரையும் பொருத்துங்கள்

பொங்கல் விடுமுறை என்றால் கோவையிலிருந்து சாலை வழியாகவே சேர்ந்துவிடக்கூடிய இராமேசுவரமே போதும். பாக் விரிகுடாப் பக்கம் ஆழம் குறைவு, வாடை நிலைகொண்டிருக்கும். தீபாவளி நவம்பரில் வந்தால் முயி நே அல்லது பொராகாய். அக்டோபரிலேயே வந்துவிட்டால் அங்கும் பருவம் தொடங்கியிருக்காது என்பதால், பயணத்தை ஜனவரிக்குத் தள்ளுவதே என் யோசனை. மே மாதத்துக்கு வஸிலிகி ஒத்துவரும். ஆடியில் இடுப்பளவு ஆழமே உள்ள துருக்கியின் அலாச்சத்தி விரிகுடாவுக்குச் செல்லலாம்; கோடையில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து வீசும் 'மெல்தெமி' ஜூலை, ஆகஸ்டில் உச்சத்தில் இருக்கும், எனவே காலை நேரத்து வகுப்பாகக் கேட்டுப் பெறுங்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன் பயிற்சி நிலையத்திடம், "சென்ற ஆண்டு இதே வாரத்தில் எத்தனை நாள்கள் புதியவர்களைத் தண்ணீரில் இறக்கினீர்கள்?" என்று கேளுங்கள். "எப்போதும் காற்று இருக்கும்" என்று பதில் வந்தால் அடுத்த ஊரைப் பாருங்கள்.