மாமாவின் ஆர்எக்ஸ் 100 மறுபடி மண்ணில் இறங்கியது: காற்றுக் கசிவைப் பிடிக்காமல் சிலிண்டரைப் போர் போடாதீர்கள்

தொண்ணூறுகளில் என் தாய்மாமா மண் டிராக்கில் ஓட்டிய யமஹா ஆர்எக்ஸ் 100 எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் சாக்குப் போர்த்தி நின்றுகொண்டிருந்தது. உயரமான ஹேண்டில்பார், நீட்டிய மட்கார்டு, லைட் இருந்த இடத்தில் நம்பர் பிளேட். மோட்டோகிராஸுக்கு என்றே மாமா கைப்பட மாற்றிய வண்டி. அதை மறுபடி ரேஸுக்குக் கொண்டுபோக எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. அதில் ஐந்து மாதம் ஒரே ஒரு தவறால் போனது. அந்தத் தவறு உங்களுக்கு நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரை வந்தது. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், ரீட் வால்வ் (கார்புரேட்டரிலிருந்து உள்ளே மட்டும் விட்டு, திரும்ப விடாத மெல்லிய தகடு). போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ., 11 குதிரைத்திறன். வண்டியின் எடை ஏறக்குறைய நூறு கிலோதான். மேடு ஏறிக் குதிக்கும் டிராக்கில் இந்த எடை பெரிய வரம். சாமான் இன்னும் கிடைக்கிறது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் யாரும் வீட்டிலேயே இந்த வேலையைச் செய்யலாம். இன்ஜினைக் கீழே இறக்குவது, சக்கரம் கழற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

பிரிப்பதற்கு முன்

ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுங்கள், வயர் போகும் வழியையும் சேர்த்து. அப்புறம் ஸ்க்ரூடிரைவர். ஜப்பான் வண்டிகளின் இன்ஜின் கவர் ஸ்க்ரூ பார்வைக்குச் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ போலத்தான் இருக்கும். ஆனால் அது ஜேஐஎஸ் என்ற ஜப்பான் தர அளவு. சாதாரண ஸ்டார் டிரைவரை வைத்துத் திருகினால் நழுவி மேலேறித் தலையைச் சிதைத்துவிடும். ஜேஐஎஸ் முனை ஒரு செட்டும், சுத்தியால் தட்டினால் திரும்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்றும் வாங்கிவிடுங்கள். இந்த இரண்டுக்கும் காசு பார்க்கவே கூடாது. திரும்பப் பூட்டும்போது எல்லாவற்றையும் ஆலன் போல்ட்டாக மாற்றிவிட்டேன்.

கிராங்க் தண்டின் முனையிலுள்ள காந்தச் சக்கரமான மேக்னட்டைக் கழற்றப் புல்லர் வேண்டும். சுத்தியால் தட்டி எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் தராதீர்கள். ஒரு அடி போதும், பிரஸ்ஸில் அழுத்திக் கோர்த்த கிராங்க் (பிஸ்டன் சுற்றவைக்கும் தண்டு) கோணிக்கொள்ளும்.

கிராங்க்

கேஸைப் பிரித்ததும் கிராங்கை நேராக லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். கோவையில் கணபதிப் பக்கம் இதற்குக் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கனெக்டிங் ராட் கிட், பெரிய பேரிங் இரண்டு, ஆயில் சீல் இரண்டு எல்லாம் புதிது. பேரிங்கில் நல்ல கம்பெனி சரக்கு மட்டும்தான். கிராங்கைக் கோர்த்த பிறகு, வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜ் காட்டி, கோணல் இல்லாமல் சுற்றுகிறதா என்று ஓட்டம் பார்க்கச் சொல்லுங்கள். முள் 0.03 மி.மீ.க்குள் ஆடினால் சரி. நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள்.

காற்றுக் கசிவு: நான் மாட்டிக்கொண்ட இடம்

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோல், காற்று, ஆயில் மூன்றும் கிராங்க் கேஸுக்குள் வந்துதான் மேலே ஏறும். பிஸ்டன் மேலே போகும்போது கேஸ் உறிஞ்சுகிறது, கீழே வரும்போது அழுத்துகிறது. அந்தக் கேஸில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கார்புரேட்டர் வழியாக வராத காற்று உள்ளே புகும். காற்று கூடி எரிபொருள் குறையும். எரிபொருளோடு வரும் ஆயிலும் குறையும். சூடு ஏறும், பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும்.

எனக்கு இரண்டு முறை பிடித்தது. முதல் முறை வயல் வரப்பில் ஓட்டிப் பார்த்தபோது, மூன்றாவது கியரில். கழற்றிப் பார்த்தால் பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கம் நீளநீளமாகக் கோடு. ஸ்பார்க் பிளக்கின் முனை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. போர் டைட்டாக இருக்கிறது என்று நானே முடிவு செய்து, சிலிண்டரை உள்ளே கடைந்து அடுத்த சைஸ் போர் போட்டேன். இருபது நாளில் மறுபடி அதே கோடு, அதே வெளுப்பு.

அந்த இரண்டு முறையும் பிஸ்டன் பிடிப்பதற்கு முன்பே வண்டி எனக்குச் சொல்லிவிட்டது. ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் உடனே இறங்காமல் இரண்டு மூன்று விநாடி மேலேயே நின்று, அப்புறம்தான் இறங்கியது. நான் கேபிள் சிக்குகிறது என்று நினைத்து அதற்கு எண்ணெய் விட்டேன். அது காற்றுக் கசிவின் முதல் அடையாளம்.

இரண்டாவது முறை பிடித்த சிலிண்டரைப் பார்த்த லேத் அண்ணன், "போர் நல்லாத்தானுங்க இருக்குது தம்பி. காத்து எங்கியோ உள்ள போகுது. அதப் பாருங்க மொதல்ல" என்றார். அப்புறம் கிராங்கை வாங்கி, மேக்னட் பக்கத் தண்டில் ஆயில் சீல் உட்காரும் இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து மெதுவாக இழுத்தார். நகம் ஓரிடத்தில் டக்கென்று நின்றது. என் நகத்தையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். கண்ணுக்குப் பளபளப்பான கோடாகத்தான் தெரிந்தது. இத்தனை வருடம் சீலின் ரப்பர் உதடு தேய்த்துத் தேய்த்து உண்டாக்கிய பள்ளம். நான் போட்டது புது சீல்தான். ஆனால் அதன் உதடு சரியாக அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்ததால் காற்று நிற்கவில்லை. புது சீலை ஒரு மி.மீ. தள்ளி உட்கார வைத்ததும் உதடு தேயாத இடத்துக்குப் போய்விட்டது. பள்ளம் அகலமாக இருந்தால் தண்டுக்கு மெல்லிய ஸ்லீவ் போட வேண்டும். சீலின் ஸ்பிரிங் தெரியும் பக்கம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும், உதட்டில் கிரீஸ் தடவிப் போட வேண்டும்.

சரி, கசிவு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? அம்மாவுக்கு பிபி பார்க்கும் பழைய கருவி போதும். டயல் வைத்த, கையால் பம்ப் செய்கிற வகை. கைப்பட்டையைக் கழற்றிவிடுங்கள். டயலும் பம்பும் தனித்தனிக் குழாயாக இருந்தால் மீன் தொட்டிக்கு விற்கும் டி ஜாயின்ட் வாங்கி ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

1. சைலன்சர் பூட்டும் இடத்துக்குத் தகடு ஒன்று வெட்டி, அடியில் சைக்கிள் டியூப் துண்டு வைத்து இறுக்குங்கள்.

2. கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, அது பூட்டியிருந்த ரப்பர் மேனிஃபோல்டில் ஓட்டை போட்ட ரப்பர் கார்க் ஒன்றைச் செருகிக் கிளிப் போடுங்கள். பிபி கருவியின் குழாய் அந்த ஓட்டையில். இன்டேக் பக்கம் வேறு சின்னக் குழாய் மூக்கு ஏதாவது இருந்தால் அதையும் அடையுங்கள்.

3. ஸ்பார்க் பிளக் இறுக்கமாக இருக்கட்டும். பிஸ்டனை அடி மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்போதுதான் கேஸும் சிலிண்டரும் ஒன்றாகத் திறந்திருக்கும்.

4. கருவியின் திருகை மூடிவிட்டு, டயலில் மெதுவாக 300 வரை ஏற்றுங்கள். அது ஏறக்குறைய 6 பிஎஸ்ஐ. அதற்கு மேல் வேண்டாம், சீல் பிதுங்கும். பம்ப் செய்வதை நிறுத்திவிட்டுக் கடிகாரம் பாருங்கள்.

ஆறு நிமிடம். நிமிடத்துக்கு 50 புள்ளிக்கு மேல் இறங்கினால் அந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. ரேஸ் இன்ஜினுக்கு நான் இன்னும் கறாராகத்தான் பார்ப்பேன். என்னுடையது இப்போது ஆறு நிமிடத்தில் 300லிருந்து 280க்குத்தான் வருகிறது. முதல் முறை பார்த்தபோது நாற்பது விநாடியில் முள் பூஜ்யத்தில் இருந்தது.

இறங்கினால் சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வோர் இணைப்பிலும் தடவுங்கள்: ஹெட், சிலிண்டர் அடி, கேஸ் இணையும் கோடு, மேனிஃபோல்டு. மேக்னட்டையும் அதன் பின்னாலுள்ள காயில் தட்டையும் கழற்றி சீலிலும் தடவுங்கள். எனக்கு அங்கேதான் குமிழ் குமிழாக வந்தது. கிளட்ச் பக்க சீல் வெளியே தெரியாது. அதில் கசிந்தால் காற்று கியர்பாக்ஸுக்குள் போகும். கியர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, கியர்பாக்ஸின் காற்றுக்குழாயை விரலால் அடைத்துக்கொண்டு, அந்த வாயில் சோப்பு நுரையைப் படலமாக இழுத்துவிடுங்கள். படலம் உப்பினால் அந்த சீல் போய்விட்டது. கியர் ஆயில் அளவு தானாகக் குறைவதும், சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காததும் அதே நோய்தான்.

இந்தச் சோதனையைப் பிரிப்பதற்கு முன் ஒரு முறை, பூட்டிய பின் ஒரு முறை என இரண்டு தடவை செய்யுங்கள். முன்பே செய்தால் எங்கே கசிகிறது என்று தெரிந்துகொண்டே பிரிக்கலாம்.

போர், பிஸ்டன்

பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டுதான் போர் போட வேண்டும். ஓவர்சைஸ் 0.25, 0.50, 0.75, 1.00 என்று வரும். வண்டி ரேஸுக்கு என்பதால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே 0.05 மி.மீ. இடைவெளி கேட்டு வாங்கினேன். போர் போட்ட பின் போர்ட்டுகளின் (சிலிண்டர் சுவரிலுள்ள வாய்கள்) ஓரம் கத்தி போல நிற்கும். அதை மெதுவாக மழுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ரிங் மாட்டி உடையும். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி எக்ஸாஸ்டைப் பார்த்து இருக்க வேண்டும். போர்ட்டை உயர்த்தி அரைப்பது, ஹெட்டைச் சீவுவது எல்லாம் முதல் ரேஸ் முடிந்த பிறகு யோசிக்கலாம்.

ஆயில்

ஆயில் பம்பை எடுத்துவிட்டேன். மண்ணில் விழுந்து எழும்போது அந்தச் சின்னக் குழாய் கழன்றால் இன்ஜின் போச்சு. பெட்ரோலிலேயே கலப்பதுதான் நிம்மதி. ஒரு லிட்டருக்கு 30 மில்லி, நல்ல 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில். அளவுக்குக் குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கும் சிரிஞ்ச் வைத்திருக்கிறேன். பம்ப் இருந்த இடத்தைத் தகடு வைத்து மூடவும், டேங்கில் "ஆயில் கலந்தது" என்று எழுதி ஒட்டவும் மறக்காதீர்கள்.

மாமா காலத்தில் ஆமணக்கெண்ணெய் வகை ஆயில்தான். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். அந்த மணம் வந்தால் மாமா இன்றைக்கும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். ஆசைக்கு ஒரு நாள் ஊற்றி ஓட்டினேன். பிசின் படியும் என்பதால் வழக்கமாக்கவில்லை.

ஜெட்

இப்போது பங்கில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்ன ஓட்டை) பற்றாது. எப்போதும் பெரிய மெயின் ஜெட்டில் தொடங்கி, ஒவ்வொரு சைஸாகக் குறைத்து வாருங்கள். முழு ஆக்ஸிலரேட்டரில் நீளமாக ஓட்டி, கிளட்ச் பிடித்து, அதே நொடி இன்ஜினை அணைத்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பிக்கொட்டை நிறம் வர வேண்டும். வெளுத்திருந்தால் உடனே பெரிய ஜெட். ஓட்டி முடித்ததும் கார்புரேட்டரில் மிச்சமுள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள். எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், பழைய ரப்பரையும் கெடுக்கும்.

ஃப்ரேமும் மற்றதும்

பெயின்டைச் சுரண்டி ஹேண்டில் கழுத்து, ஃபுட்ரெஸ்ட், ஷாக் அப்சார்பர் பிடிக்கும் இடங்களில் விரிசல் தேடுங்கள். என் வண்டியில் கழுத்துக்குக் கீழே தலைமுடி அளவு விரிசல் இருந்தது. பற்ற வைத்து, மேலே முக்கோணத் தகடு கொடுத்தேன். இன்ஜின் நம்பர், சேஸ் நம்பர் பக்கம் கிரைண்டர் போகவே கூடாது. சக்கரம் இரண்டும் 18 இஞ்ச். பின் ஸ்ப்ராக்கெட்டில் நான்கு பல் கூட்டினேன், செயினும் அதற்கேற்ப நீளம். ஸ்போக்ஸ் மொத்தமும் புதிது, பழைய ஸ்போக்ஸை நம்பிக் குதிக்காதீர்கள்.

வண்டியை டிராக்குக்குக் குட்டியானையில் ஏற்றித்தான் கொண்டுபோகிறேன். இப்படி மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்டுவது சட்டப்படி தவறு. முறையான போட்டிக்கு இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் லைசென்ஸ் எடுக்க வேண்டும். ஹெல்மெட், மார்புக் கவசம், முட்டிக் கவசம், முழங்கால் வரை பூட்ஸ் எல்லாம் வண்டிக்கு முன்பே வாங்குங்கள்.

முதல் ரேஸில் கடைசிச் சுற்று வரை ஓடியது. ஓரத்தில் நின்ற மாமா கொடி விழுந்ததும் வந்து என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து சிலிண்டர் பக்கம் காதை வைத்தார், ஆக்ஸிலரேட்டரை ஒரு முறை முறுக்கிவிட்டு விட்டார். சத்தம் உடனே இறங்கியது. தலையாட்டினார்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துச் செய்த இரண்டு பேர், பிரஷர் நின்றும் ஆர்பிஎம் இறங்க மறுக்கிறது என்று எழுதியிருந்தார்கள். சில சீல்கள் உள்ளிருந்து அழுத்தினால் தண்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், உறிஞ்சும்போது மட்டும் விட்டுக்கொடுக்கும். ஆகவே வேக்குவம் சோதனையும் தேவை. பிரேக் ஆயில் இழுக்கும் கை வேக்குவம் பம்ப் இதற்குப் போதும். ஆனால் குழாயை மேனிஃபோல்டில் வைத்தால் ரீட் வால்வ் மூடிக்கொள்ளும், கேஸுக்குள் ஒன்றும் தெரியாது. மேனிஃபோல்டை முழுசாக அடைத்துவிட்டு, ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக இழுங்கள். பிரஷர் சோதனைக்கு இது அப்படியே தலைகீழ். அங்கே மேனிஃபோல்டு வழியாக ஏற்றினால்தான் ரீட்டுக்கு வெளியே உள்ள ரப்பர் இணைப்பும் சேர்ந்து சோதனையாகும்.  அந்த இருவரில் ஒருவருக்குக் கசிந்தது கிளட்ச் பக்க சீல்.