பக்கம் வரத் தாமதமானால் செஷன் பூட்டையும் பாருங்கள்

தனியாகத் திறந்தால் உடனே வரும் பக்கம், இன்னொரு தாவலில் நீண்ட அறிக்கை ஒன்று தயாராகும்போது மட்டும் வெள்ளைத் திரையாக நிற்கிறது என்றால், தரவுத்தளத்தின்மீது பழி போடுவதற்கு முன் செஷன் பூட்டைச் சோதியுங்கள். சர்வரில் இயங்கும் நிரல்மொழியான பிஎச்பி, செஷன் தரவை, அதாவது ஒவ்வொரு பயனருக்கும் கோரிக்கைகளுக்கு இடையே நினைவில் வைக்கும் தகவலை, இயல்பாகவே கோப்பில் வைக்கிறது. செஷனைத் தொடங்கும் செஷன்_ஸ்டார்ட் செயற்கூறு அழைக்கப்பட்டதும் அக்கோப்பு பூட்டப்படுகிறது; நாமாக மூடாவிட்டால் ஸ்கிரிப்ட் முடியும்வரை பூட்டு விலகுவதில்லை. ஆகவே ஒரே பயனரிடமிருந்து ஒரே சமயத்தில் வரும் ஐந்து அஜாக்ஸ் (பக்கம் பின்னணியில் அனுப்பும்) கோரிக்கைகளும் சர்வரில் ஒன்றன்பின் ஒன்றாகவே நகர்கின்றன.

உலாவியின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்தால், காத்திருப்பு நேரம் படிக்கட்டுபோல் ஏறிச்செல்வது தெரியும். அதே பக்கத்தை மறைநிலைச் சாளரத்தில் புதிதாக உள்நுழைந்து திறக்கும்போது விரைவாக வந்தால், அங்கே செஷன் வேறு என்பதால் சந்தேகம் வலுக்கிறது. ஒரே முகவரியை இரண்டு தாவல்களில் திறந்து சோதிக்க வேண்டாம். அவற்றைக் குரோம் தானே வரிசைப்படுத்திவிடுவதுண்டு. உறுதியான சான்று, பிஎச்பி கோரிக்கைகளை இயக்கும் எஃப்பிஎம்மின் ஸ்லோலாக்கில் (மெதுவான கோரிக்கைகளின் பதிவு) கிடைக்கும்: கால வரம்பை 5 வினாடியாக வைத்துப் பாருங்கள், பதிவின் உச்சியில் செஷன்_ஸ்டார்ட் நின்றால் அந்தக் கோரிக்கை எந்த வேலையும் செய்யாமல் பூட்டுக்காகக் காத்திருந்திருக்கிறது.

தீர்வு எளியது. செஷனிலிருந்து வேண்டியதைப் படித்து, எழுத வேண்டியதை எழுதியபின், நீண்ட வேலை தொடங்கும் முன்பே செஷன்_ரைட்_க்ளோஸ் அழைத்துவிட வேண்டும். வெறுமனே படிக்கும் பக்கங்களுக்கு, பிஎச்பி 7.0 முதல் உள்ள ரீட்_அண்ட்_க்ளோஸ் தெரிவு போதும். மூடியபின் செஷன் மாறியில் செய்யும் மாற்றங்கள் எந்த எச்சரிக்கையும் இன்றிக் காணாமல் போகும் என்பதால், பின்னால் வரும் நிரல் எங்கேனும் அதில் எழுதுகிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

செஷனைக் கோப்பிலிருந்து, தரவை நினைவகத்தில் வைக்கும் ரெடிஸுக்கு மாற்றியதும் தாமதம் மறைந்துவிட்டதாக மகிழ்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பிஎச்பியை ரெடிஸுடன் இணைக்கும் பிஎச்பிரெடிஸ் நீட்டிப்பில் பூட்டு இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது; இரு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் எழுதினால் ஒன்றின் தரவை மற்றொன்று அழித்துவிடும். கூடையில் சேர்த்த பொருள் காணாமல் போவதைவிடத் தாமதமே மேல் என்பது என் கருத்து.

தாமதம் எப்போதாவது, யாரோ ஒருவருக்கு மட்டும் நேர்ந்தால் காரணம் வேறாக இருக்கலாம். பிஎச்பியின் இயல்பு அமைப்பில் நூற்றில் ஒரு கோரிக்கை, காலாவதியான செஷன் கோப்புகளைத் துடைக்கும் வேலையையும் சுமக்கிறது. கோப்புகள் லட்சக்கணக்கில் குவிந்திருந்தால் அந்த நிகழ்தகவைச் சுழியமாக்கிவிட்டு, அதே துடைக்கும் வேலையைச் செய்யும், பிஎச்பி 7.1 முதல் உள்ள செஷன்_ஜிசியைக் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் கருவி) வழியாக இயக்குங்கள்.