கோடியக்கரைக் குதிரைகளைப் பார்க்கப் போகிறீர்களா?

மதுரையிலிருந்து ஒரே நாளில் போய்வர வேண்டுமென்றால் பின்னிரவு 2 மணிக்கே வண்டியை எடுத்துவிடுங்கள். காரைக்குடி, பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை வழியாக வேதாரண்யம். அப்புறம் தெற்கே கொஞ்ச தூரம்தான். வெயில் ஏறிவிட்டால் மட்டக்குதிரைகள் புதர்ப் பக்கம் ஒதுங்கிவிடும். விடிந்ததும் போனால், வெளிமான்களுக்கு நடுவே, சிக்குப் பிடித்த பிடரியோடு தலை நிமிராமல் மேய்வதைப் பார்க்கலாம். எப்போதோ மனிதர் வளர்த்தவற்றின் வழிவந்தவைதாம், ஆனாலும் கிட்டே போகாதீர்கள். கேரட், பிஸ்கட் நீட்டுவதும் வேண்டாம், 1967 முதல் இது சரணாலயம். பைனாகுலர் இருந்தால் நல்லது. தண்ணீரும் இட்லிப் பொட்டலமும் வேதாரண்யத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஜனவரியில் போனால் பூநாரையும் பார்க்கலாம். சரி, திரும்பும்போது ஓட்ட இன்னொருவர் கட்டாயம் வேண்டும். நான் தனியாக ஓட்டி, மேலூர் வருவதற்குள் கண் சொருகிவிட்டது.