முதல் பிள்ளை வருகிறதா? மலையகத்தில் வாரம் வாரமாகத் தயாராவது எப்படி

நம் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டால் லயமே, அதாவது அந்த வரிசை வீடுகளே, கூடி ஆலோசனை சொல்லும். பப்பாளி தொடாதே, வாசற்படியில் உட்காராதே, அன்னாசி வேண்டாம், இருட்டினால் வெளியே போகாதே. சொல்கிற எல்லோருக்கும் நம்மேல் பாசம்தான். ஆனால் நம் பக்கத்தில் ஒரு முதல் பிரசவம் நல்லபடியாக முடிவதற்கு, நான் பார்த்தவரை, இரண்டு விஷயம்தான் முக்கியம்: உடம்பில் போதிய ரத்தம், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் வழி. இரண்டையும் கடைசி மாதத்தில் ஓடித் தேட முடியாது. முதல் வாரங்களிலேயே தொடங்கினால் இரண்டுமே நம் கையில் இருக்கும். அதற்காகத்தான் இதை வாரக் கணக்கில் எழுதுகிறேன்.

4 முதல் 8 வாரம்: நாளைக் குறியுங்கள், பதியுங்கள்

கர்ப்பத்தின் வாரக் கணக்கு, கடைசியாக மாதவிடாய் வந்த முதல் நாளிலிருந்து தொடங்கும். நாள் தள்ளிப்போய்ச் சோதித்துப் பார்க்கும்போதே 4, 5 வாரம் ஆகியிருக்கும். பிரசவத் திகதியை நீங்களே கணக்கிடலாம். அந்த முதல் நாளோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டுங்கள். ஜனவரி 10 என்றால் ஒக்டோபர் 17. அது ஒரு உத்தேசத் திகதி. இரண்டு வாரம் முன்னே பின்னே ஆவது சாதாரணம். சரியான நாள் நினைவில்லை என்றால் தைப்பொங்கல், திருவிழா, சம்பள நாள் என்று ஏதாவது ஒன்றை வைத்து யோசித்துப் பாருங்கள். மீதியை ஸ்கேன் சொல்லிவிடும்.

உறுதியானதும் மிட்வைஃப் மிஸ்ஸியிடம் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். 8 வாரத்துக்குள் பதிவது நல்லது. "மூணு மாசம் முடியட்டும், அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதே" என்று வீட்டில் சொல்வார்கள். ஊருக்குச் சொல்ல வேண்டாம், மிஸ்ஸிக்கு மட்டும் சொல்லுங்கள். பிள்ளையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாவது இந்த வாரங்களில்தான். அதற்குத் தேவையான ஃபோலிக் அமில மாத்திரையை மூன்று மாதம் கழித்துத் தொடங்கினால் முக்கியமான பலனே போய்விடும்.

பதிந்ததும் ஒரு கர்ப்பிணி அட்டை தருவார்கள். ரத்த வகை, ஹீமோகுளோபின், எடை, பிரஷர், சிறுநீரில் சீனி என்று எல்லாம் அதில்தான் ஏறும். பிளாஸ்டிக் உறையில் போட்டு, எங்கே போனாலும் கையோடு கொண்டு போங்கள். நம் பக்கம் மழைக்காலத்தில் கடுதாசி தாங்காது.

வெற்றிலை போடுகிற பழக்கம் இருந்தால் புகையிலையை இன்றோடு விட்டுவிடுங்கள். அது பிள்ளையின் எடையைக் குறைக்கும். பூச்சி மருந்து, களை மருந்து அடிக்கிற தேயிலை மலைக்கு உங்களை அனுப்ப வேண்டாம் என்று கங்காணியிடமோ வெளிக்கள உத்தியோகத்தரிடமோ சொல்லிவிடுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

8 முதல் 12 வாரம்: மசக்கை

காலையில் வெறும் வயிற்றில் எழுந்தவுடன் குமட்டும். படுக்கையிலேயே ஒரு கிரீம் கிரக்கரோ ஒரு துண்டு ரொட்டியோ சாப்பிட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து எழுந்திருங்கள். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இஞ்சி போட்ட தண்ணீர் சிலருக்குக் கேட்கும். தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை, சிறுநீர் மஞ்சளாகிக் குறைந்துவிட்டது என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சேலைன் ஏற்ற வேண்டியிருக்கும்.

சாம்பல், பச்சை அரிசி, செங்கல் துண்டு இவற்றைத் தின்னத் தோன்றினால் மறைக்காதீர்கள். பல நேரம் அது ரத்தக் குறைவின் அடையாளம். மிஸ்ஸியிடம் சொல்லுங்கள்.

12 முதல் 20 வாரம்: ரத்தம், மாத்திரை, தேத்தண்ணி

இந்த வாரங்களைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் ரத்தக் குறைவு. அதனால் வருவது களைப்பு மட்டும் இல்லை. பிள்ளை 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கலாம். பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலே தாயின் உடம்பு தாங்காது. கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை, விற்றமின் சி, கல்சியம் எல்லாம் இலவசமாகவே தருகிறார்கள். அவ்வளவையும் ஒழுங்காக விழுங்கியும் ரத்தம் ஏறவில்லை என்று கவலைப்படுகிற பெண்கள் நம் லயங்களில் நிறையப் பேர். காரணம் பெரும்பாலும் நம் கோப்பையிலேயே இருக்கிறது.

தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. பால் தேத்தண்ணியும் பிளேன்டியும் இதில் ஒன்றுதான். கோப்பியும் அப்படியே. நமக்கோ விடியற்காலையில் ரொட்டியோடு தேத்தண்ணி, மலையில் பத்து மணித் தேத்தண்ணி, சோற்றுக்குப் பிறகு தேத்தண்ணி. என் மாமி என்மேல் உள்ள அக்கறையில் மாத்திரையையும் சுடச்சுடத் தேத்தண்ணியையும் ஒன்றாகவே கொண்டுவந்து வைப்பார். "மாமி, இது ரெண்டும் ஒண்ணா உள்ள போனா மாத்திர வேல செய்யாதாம், மிஸ்ஸி சொன்னாங்க" என்றேன். ஒரு நிமிஷம் யோசித்தார். மறுநாளிலிருந்து தேத்தண்ணிக்குப் பதிலாக ஒரு கிளாஸில் எலுமிச்சம்பழத் தண்ணீர் கரைத்து வைத்தார். பெரியவர்களிடம் காரணத்தைச் சொன்னால் போதும், நம்மைவிடக் கண்டிப்பாக அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

செய்ய வேண்டிய முறை இதுதான். இரும்பு மாத்திரையை இரவில், சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, விற்றமின் சி மாத்திரையோடு தண்ணீரில் விழுங்குங்கள். இரவில் போட்டால் குமட்டலும் தூக்கத்திலேயே போய்விடும். கல்சியத்தைக் காலைச் சாப்பாட்டோடு போடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் கல்சியமும் இரும்பைத் தடுக்கும். தேத்தண்ணியை அடியோடு விட வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளி வைத்தால் போதும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மலச்சிக்கலுக்குக் கீரையும் தண்ணீரும் கூட்டுங்கள்.

சாப்பாட்டில் செலவு கூடாமலே மாற்றம் செய்யலாம். வெறும் ரொட்டியும் சம்பலும் என்ற நேரத்தில் ஒரு முட்டையோ, வேகவைத்த கடலையோ, கௌப்பியோ சேருங்கள். வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கைக்கீரை எது கிடைத்தாலும் இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழியுங்கள். நெத்தலிக் கருவாடு நல்லது, உப்பைக் கழுவிவிட்டுச் சமையுங்கள். கிளினிக்கில் தரும் திரிபோஷ சத்துமா உங்களுக்குத்தான். வீட்டுப் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு மிஞ்சாது. அதில் தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சீனியும் போட்டு உருண்டை பிடித்து டப்பாவில் போட்டு மலைக்கும் கொண்டுபோகலாம். அரசாங்கத்தின் கர்ப்பிணித் தாய் போஷாக்குக் கொடுப்பனவைப் பற்றியும் மிஸ்ஸியிடம் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள்.

மூன்று மாதம் கடந்ததும் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து தருவார்கள். பயப்படாமல் போடுங்கள். ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு ஏறி ரத்தத்தைக் குடிக்கும். ஏற்பு வலித் (டெட்டனஸ்) தடுப்பூசியும் இந்தக் காலத்தில்தான். சின்ன வயதுத் தடுப்பூசி அட்டை அம்மா வீட்டில் இருந்தால் தேடி எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

20 முதல் 28 வாரம்: அசைவு தெரியும்

முதல் பிள்ளையின் அசைவு பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்தில் தெரியும். முதலில் வயிற்றுக்குள் ஏதோ குமிழி விட்டதுபோல் இருக்கும். வாயுவா பிள்ளையா என்று சந்தேகமாக இருக்கும். ஒரு வாரத்தில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். அந்த முதல் நாளை அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள்.

18 முதல் 22 வாரத்துக்குள் பிள்ளையின் உறுப்புகளைப் பார்க்கிற ஸ்கேன் செய்வது நல்லது. 24 முதல் 28 வாரத்துக்குள் சீனிச் சோதனை. வெறும் வயிற்றில் போய், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்து, இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். தோட்டத்தின் மேல்பிரிவிலிருந்து இறங்கி முதல் பஸ்ஸைப் பிடிப்பவர்கள் யாரையாவது துணைக்குக் கூட்டிப்போங்கள். சோதனை முடிந்த கையோடு சாப்பிடக் கட்டுச்சோறும் கொண்டுபோங்கள். இதே நாட்களில் ஹீமோகுளோபினையும் மறுபடி பார்ப்பார்கள். தேத்தண்ணியைத் தள்ளிவைத்த பலன் அப்போது தெரியும்.

கர்ப்பிணித் தாய்மார் வகுப்புக்கு வீட்டுக்காரரையும் அழைத்துப்போங்கள். ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போனால் போகட்டும். ஆபத்து அறிகுறிகள் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

28 முதல் 34 வாரம்: எண்ணுங்கள், வழியைத் தயார் செய்யுங்கள்

28 வாரத்திலிருந்து தினமும் அசைவைக் கவனியுங்கள். காலையில் தொடங்கி எண்ணினால் 12 மணி நேரத்துக்குள் 10 அசைவாவது வர வேண்டும். ஆனால் உங்கள் பிள்ளையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால் எண்ணிக்கை முடியும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள்.

அடுத்தது வழி. 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஆனால் தொலைபேசியில் "எங்கே வர வேண்டும்" என்று கேட்கும்போது பதற்றத்தில் சொல்ல வராது. அதனால் ஒரு கடுதாசியில் தோட்டத்தின் பெயர், டிவிசன், லய இலக்கம், பெரிய ரோட்டிலிருந்து திரும்பும் இடம், வாகனம் நிற்கக்கூடிய கோயிலோ கொழுந்து மடுவமோ (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) எது என்று எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். லயத்துக்கு வாகனம் ஏறாது என்றால் ரோடு வரைக்கும் யார் தூக்கிக்கொண்டு வருவார்கள், எந்தக் கதிரையில், என்பதையும் பேசி வையுங்கள். இரண்டு ஆட்டோக்காரர்களின் நம்பர், சிக்னல் கிடைக்கும் இடம், இரவுக்கு ஒரு டோர்ச். மழைக்காலத்தில் மண்சரிந்து பாதை அடைபட்டால் சுற்றிப்போகும் வழி எது என்றும் கேட்டு வையுங்கள்.

எந்த ஆஸ்பத்திரி என்பதையும் கிளினிக்கில் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். பிரஷர், சீனி, ரத்தக் குறைவு ஏதாவது இருந்தால் பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டி நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ பதுளைக்கோ போகச் சொல்லலாம்.

வார்டில் சிங்களம் மட்டுமே தெரிந்தவர்கள் இருக்கக்கூடும். இந்தச் சில வார்த்தைகளை வீட்டுக்காரரும் மனப்பாடம் செய்யட்டும். ரத்தம் போகிறது: லே யனவா. பனிக்குடத் தண்ணீர் போகிறது: வதுர யனவா. வயிறு வலிக்கிறது: பட ரிதெனவா. தலை வலிக்கிறது: ஒளுவ ரிதெனவா. பிள்ளை அசையவில்லை: பபா ஹெலவென்னே நே.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகளும் இவையேதான். கடுமையான தலைவலி, கண் மங்கல், முகம் வீங்குதல், மேல்வயிற்று வலி, வலிப்பு, காய்ச்சல் இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரஷர் 140/90 ஐத் தொட்டால் வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயமே இல்லை.

34 முதல் 40 வாரம்: பை, குளிர், விடுமுறை

பிள்ளை பிறக்கும் முன் புதுத்துணி வாங்கக் கூடாது என்ற வழக்கம் நம்மிடம் உண்டு. அதை மீற வேண்டியதில்லை. நன்றாக வளர்ந்த உறவுக்காரப் பிள்ளையின் பழைய சட்டைகள் மெத்தென்றும் இருக்கும். ஆனால் துவைப்பதை 34 வாரத்திலேயே தொடங்குங்கள். பனி மூடினால் மூன்று நாளானாலும் துணி காயாது. அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைத்தால் புகை ஏறும். வெயில் வரும் நாளில் காயவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துப் பையில் வையுங்கள். பிள்ளைக்குத் தொப்பி, காலுறை, போர்த்தும் துணி, நேப்கின். உங்களுக்கு முன்பக்கம் திறக்கும் சட்டை, ஸ்வெட்டர், பேட், சுடுதண்ணீர்ப் போத்தல். பையின் மேல்பக்கத்தில் கர்ப்பிணி அட்டையும் அடையாள அட்டையும்.

பேறுகால விடுமுறை 84 நாள். 1939இன் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தரும் உரிமை அது. பிரசவத்துக்கு முன் 2 வாரமும் பின் 10 வாரமும். தோட்ட ஆபிஸில் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வலி விட்டு விட்டு, ஒழுங்கான இடைவெளியில், வரவர நெருங்கி வந்தால் அது பிரசவ வலி. டவுனில் இருப்பவர்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வரும்வரை வீட்டில் இருக்கலாம். ஒரு மணி நேரப் பாதையில் இருப்பவர்கள் அதற்கு முன்பே கிளம்ப வேண்டும். பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் கிளம்புங்கள். திகதிக்கு முன்பே வார்டில் வந்து தங்கச் சொன்னால் மறுக்காதீர்கள்.

பிறந்த பிறகு

முதல் மணி நேரத்திலேயே தாய்ப்பால். மஞ்சளாக வரும் சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடாதீர்கள். பிறந்ததும் நாக்கில் தொட்டுவைக்கும் சேனை, சீனித் தண்ணீர் எதுவும் வேண்டாம், 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். குளிருக்குப் பிள்ளையை உங்கள் நெஞ்சோடு தோல் படும்படி அணைத்து மேலே போர்த்துங்கள். மூடிய காம்பராவுக்குள் (அறைக்குள்) நெருப்புச் சட்டி வைக்காதீர்கள், கரியின் நச்சுப்புகை தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். குளிப்பாட்டியதும் சாம்பிராணி போடும் வழக்கத்தையும் இந்த ஒரு பிள்ளைக்காவது தள்ளிவையுங்கள்.

ஆஸ்பத்திரியை விட்டு வரும்முன் காசநோய்க்கான பீசீஜி ஊசி போட்டார்களா என்று பாருங்கள். மிஸ்ஸி வீட்டுக்கு வரும்போது காயம், காய்ச்சல், ரத்தப்போக்கு பற்றி மட்டும் சொல்லாமல் மனநிலையையும் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் காரணமின்றி அழுகை வந்தால் அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

பிறப்பை 3 மாதத்துக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், உங்கள் பெயர் மூன்றையும் அடையாள அட்டையில் உள்ளபடியே தெளிவாக ஒரு கடுதாசியில் எழுதிக்கொண்டு போய்க் கொடுங்கள். கையெழுத்துப் போடும்முன் ஒவ்வொரு எழுத்தாக வாசித்துப் பாருங்கள், புரியாவிட்டால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஓர் எழுத்து மாறியதால் பின்னாளில் பள்ளிக்கூடத்துக்கும் அடையாள அட்டைக்கும் அலைகிற குடும்பங்கள் நம்மிடையே ஏராளம்.

வேலைக்குத் திரும்பும்போது, பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை, பால் கொடுக்க 9 மணி நேர வேலையில் இரண்டு இடைவேளை உங்களுக்கு உண்டு. தோட்டத்தில் பிள்ளைமடுவம் (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) இருந்தால் ஒவ்வொன்றும் குறைந்தது அரை மணி, இல்லையென்றால் ஒரு மணி. உங்களுக்குப் போடும் மலை பிள்ளைமடுவத்துக்கு எவ்வளவு பக்கம் என்பதை முதல் நாளே கேட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.